38,500 ரூபாய்க்கு ஒரு தாள் வாங்கினேன்

ஆத்திரத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ கண்ட்ரோல் கார் ஒன்று வாங்கினேன், பார்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. 38,500 ரூபாய். வீட்டில் பதினைந்தாயிரம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யும் சேர்த்து நெஞ்சை அரிக்கிறது.

ரேடியோ கண்ட்ரோல் கார் ஓட்டுபவர்களுக்கான பதிவு இது. மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். கோவையில் நாங்கள் ஆறு பேர், மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையின் சிமெண்டுத் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஓட்டுகிறோம். மூன்று வருடமாக என்னிடம் இருந்தது டமியா நிறுவனத்தின் டிடி-02 கார். நல்ல உழைப்பாளி. ஆனால் பெட்டியில் வரும் நிலையில் அதன் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றக்கூட வழி கிடையாது; அதற்குத் தனியாக உதிரிப்பாகம் வாங்க வேண்டும். அதனால் கார்பன் தகடும் இரண்டு பெல்ட்டும் உள்ள, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவான (1/10) டூரிங் கார் ஒன்றைப் பழையதாகத் தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது. பழைய பொருள்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம், வேறு மாநிலத்தில் இருக்கும் ஹாபி கடை. பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை.

நான் விழுந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். விலையில் விழவில்லை. வீடியோ அழைப்பில் அந்த ஆள் வண்டியை செட்டப் போர்டில் (சக்கரக் கோணங்களை அளக்க வைக்கும் சமதளப் பலகை) ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, அளவுத் தகடுகளை மாட்டி, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். முன் கேம்பர் மைனஸ் 2 டிகிரி. பின் சக்கரம் உள்நோக்கி 3 டிகிரி. தரை உயரம் 5.2 மில்லிமீட்டர். பின் டிஃபரன்ஷியலில் (வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) 5,000 எண்ணெய்; அந்த எண் எண்ணெயின் கெட்டித்தன்மை. பினியன் (மோட்டாரில் மாட்டும் சிறிய பல்சக்கரம்) 40 பல், ஸ்பர் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 96 பல். சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் நிமிர்ந்து, “அண்ணா, நீங்கள் ஓட்டுவது தாரிலா, சிமெண்டிலா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. விற்பவன் எவனும் அதைக் கேட்டதில்லை. நம்மைப் போல் ஒருவர், தமிழிலும் பேசுகிறார் என்று மனம் இளகிவிட்டது.

அடுத்த வார்த்தை: “இணையதளம் வழியாகப் போனால் கமிஷன் போய்விடும் அண்ணா. நேராக அனுப்பினால் ரேஸ் செட்டப் இலவசம், புது லிப்போ பேட்டரியும் சேர்த்துத் தருகிறேன்.” யுபிஐயில் முதலில் 20,000, மறுநாள் 18,500. முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ரசீது கேட்கவில்லை.

முதல் ஞாயிறு, நேர்க்கோட்டில் பிரேக் பிடித்தாலே வண்டி இடப்பக்கம் சுழன்றது. இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி. நான்காவது நிமிடம் மோட்டார் வாடை அடித்தது. வெப்பமானியைக் காட்டினால் 104 டிகிரி செல்சியஸ்! பினியனைக் கழற்றிப் பல் எண்ணினேன். 52. தாளில் 40. பெல்ட்டின் உள் விகிதம் 1.9 என்று வைத்துக்கொண்டால், தாளின்படி வர வேண்டிய விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) 4.56, வண்டியில் இருந்தது 3.51. பெரிய டிராக்கில் நீண்ட நேர்க்கோட்டுக்கு மாட்டும் கியரை எங்கள் ஆலை முற்றத்தில் ஓட்டினால் மோட்டார் வேகாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து மேஜைக் கண்ணாடியின் மேல் வண்டியை வைத்தேன். முன்பக்கம் சரியாக நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினால் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வலது எழுந்தது, இடது அசையவில்லை. மேல் தகட்டுத் திருகுகளைத் தளர்த்தி, கண்ணாடியில் அழுத்திவைத்து, மறுபடி முறுக்கினேன். சில சமயம் அடித்தகட்டின் முறுக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன். அடித்தகட்டில் மோட்டார் தாங்கிக்குப் பக்கத்தில் விரல் நீள விரிசல், மேலே உடனடிப் பசை. டிஃபரன்ஷியலைத் திறந்தால் எலும்பு போல வறட்சி. 5,000 எண்ணெயாம். ‘புது’ பேட்டரியை சார்ஜ் செய்தேன்: சமமாக இருக்க வேண்டிய இரண்டு செல்களில் ஒன்று 4.20 வோல்ட், இன்னொன்று 3.71. தட்டையாக மேஜையில் உட்காரவில்லை, ஆடுகிறது. வயிறு உப்பியிருக்கிறது.

தாளையும் நிதானமாகப் படித்தேன். அச்சடித்த கட்டத்தில் ‘தளம்’ என்ற இடத்தில் டிக் போட்டிருந்தது கம்பளத்துக்கு. உள்ளரங்கக் கம்பளம்! சிமெண்டா என்று கேட்டவரின் கையெழுத்தில்.

பிறகு நடந்தவற்றை நினைத்தால்தான் அதிகம் கொதிக்கிறது. முதல் நாள், “கூரியரில் அடிபட்டிருக்கும் சார்.” கூரியரில் அடிபட்ட விரிசலுக்குப் பசை தடவியது யார் என்று கேட்டேன். “கார்பன் தகட்டுக்குப் பசை தடவுவது எல்லோரும் செய்வதுதானே சார்.” ஓரத்தில் தடவுவார்கள், நார் பிரியாமல் இருக்க; நானே செய்திருக்கிறேன். நடுவில் விரிசலுக்கு மேல் தடவி ஸ்டிக்கர் ஒட்டுவதற்குப் பெயர் வேறு. மூன்றாம் நாள், “டெக்னீஷியன் விடுமுறையில் இருக்கிறார்.” வீடியோவில் டெக்னீஷியனாக இருந்ததே இவர்தான். ஐந்தாம் நாள், “நீங்கள் ஓட்டிவிட்டீர்கள், ஓட்டிய வண்டியைத் திரும்ப எடுப்பதில்லை.” ஓட்டாமல் அலமாரியில் வைக்கவா வாங்கினேன்? ஏழாம் நாளிலிருந்து நீல டிக் மட்டும் வருகிறது, பதில் இல்லை. பணம் கைக்குப் போகும்வரை அண்ணா, போனபின் சார், இப்போது ஒன்றுமில்லை.

இணையதளத்தில் புகார் செய்தேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே நாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு வரி. அவர்கள் சொல்வதில் தவறில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். 38,500-இல் ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை.

வாங்குமுன் எப்படிச் சோதிப்பது என்று படங்களோடு விரிவாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இன்று காலை அதே விளம்பரம் வேறொரு வண்டியோடு வந்திருக்கிறது. பக்கத்தில் அதே தாளின் படம், மூலையில் அதே கிரீஸ் கறை. அதனால் அவசரமாகச் சில வரிகள்: பணத்தை இணையதளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். ஸ்டிக்கரை உரித்து அடித்தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். கத்தி முனைச் சோதனையை வீடியோவில் செய்யச் சொல்லுங்கள், மறுத்தால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பினியன் பல்லை எண்ணச் சொல்லுங்கள். தாளை நம்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள், நான் எடுக்கவில்லை.

உப்பிய பேட்டரியை மணல் வாளியில் போட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். கோவையில் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வெயில் ஏறுவதற்குள் சொன்னால் நல்லது.