கடற்கரை ஊரில் பிரேக் தூசு: அயர்ன் ரிமூவர், மெழுகு, செரமிக் பேட் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காரின் அலோய் (அலுமினியக் கலப்பு) சில்லின் கைகள் வெளிவட்டத்தோடு சேரும் மூலையை, கழுவித் துடைத்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது சேறு அல்ல. சில்லோடு சுழலும் பிரேக் டிஸ்க் என்ற தட்டும், அதை நெருக்கிப் பிடிக்கும் பேட்டும் உரசித் தேய்ந்து பறந்த இரும்புத் துகள்கள் அவை. சூட்டோடு வந்து படிந்து, ஈரம் பட்டதும் துருவேறி, சில்லின் பூச்சைக் கவ்விக்கொள்கின்றன. சவர்க்கார நுரைக்கு அவை அசைவதில்லை.

திருகோணமலையில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். டிஸ்க் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. இரவு முழுவதும் உப்பு ஈரக் காற்றில் நின்றால் காலையில் அதன் முகத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். காரை எடுத்து முதல் இரண்டு மூன்று பிரேக் பிடித்ததும் டிஸ்க் பளபளத்துவிடும். சுரண்டப்பட்ட துருவின் ஒரு பங்கோ சில்லில் போய் அமரும். அதனால், குறைவாக ஓடும் காரின் சில்லும் இங்கே கறுக்கத்தான் செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் முன்பக்கப் பிரேக்குகளுக்கே வேலை அதிகம். முன்சில்லுகள் இரண்டும் எப்போதும் கூடுதலாகக் கறுத்திருப்பது அதனால்தான். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும்போதெல்லாம் அந்த இரண்டு சில்லுகளுக்கும் ஒரு பூச்சு கூடுகிறது.

எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெயால் துடைப்பவர்கள் அதிகம். தார்ப் புள்ளிகள் அதில் கரையும், இரும்பு கரையாது. டயர் இறப்பருக்கும் அது கெடுதி. பித்தளைக் குத்துவிளக்குப் போலப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். புளிப்பு துருவை ஓரளவு இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் அலுமினியத்தை மங்கச் செய்துவிடும். இவற்றைவிட மோசமானது கடும் அமிலம். என் மைத்துனரின் காரை ஒரு சேர்விஸ் நிலையத்தில் விட்டபோது ஏதோ அமிலக் கரைசலை அடித்துவிட்டார்கள். சில்லு அன்றைக்கு மின்னியது. பிறகு வெள்ளைத் திட்டுகள் எழுந்தன, இன்றுவரை போகவில்லை. வேலை செய்த பையன்கள் கையுறைகூடப் போட்டிருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சிலவகைச் சில்லுக் கழுவிகளில் உள்ள புளோரைட் சேர்ந்த அமிலங்கள் தோலை ஊடுருவி உள்ளே புண்ணாக்கக்கூடியவை.

சில ஆண்டுகளாக நான் நம்பிப் பயன்படுத்துவது அயர்ன் ரிமூவர் என்ற பெயரில் கிடைக்கும், அமிலமற்ற திரவம். அதில் வேலை செய்யும் பொருள் தயோகிளைக்கோலேட் வகை உப்பு; முடியைச் சுருட்டும் மருந்துகளிலும் அதுவே இருக்கிறது. அழுகிய முட்டை நெடியும் அதனால்தான். அடித்த ஓரிரு நிமிடத்தில் சில்லின் கைகளில் ஊதாப் புள்ளிகள் முளைத்து, கோடுகளாகி, சொட்டுச் சொட்டாகத் தரையில் வடியும். இரும்பு கரைவதற்கான அடையாளம் அந்த நிறம். நிறம் மாறாத இடத்தில் மேலும் ஊற்றிப் பயனில்லை. அங்கே இருப்பது தார் அல்லது கிறீஸ்.

சில்லு கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். நம் வைகாசி, ஆனி வெயிலில் பகலில் இதைத் தொடவே கூடாது, திரவம் காய்ந்து கறையாகிவிடும். நான் மாலையில்தான் கழுவுகிறேன். முதலில் தண்ணீரும் கார் ஷம்புவும் போட்டு மேல் அழுக்கை எடுத்து, பிறகு திரவத்தை அடித்து, மென்மையான பிரஷ்ஷால் மூலைகளைத் தேய்த்து, காயும் முன் தாராளமாக அலசுவேன். சட்டி தேய்க்கும் தும்பும் கம்பி நாரும் வேண்டாம். சில்லுக்கு வைத்த வாளியும் துணியும் கார் உடலுக்குப் போகக்கூடாது, அதிலிருக்கும் இரும்புத் துகள் பெயின்டைக் கீறும். எங்கள் கிணற்று நீர் சவர்த் தன்மையுடையது, காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும். எனவே உடனே துடைத்துவிடுகிறேன். கடைசியாகக் காரை வீதியில் சிறிது தூரம் ஓட்டி மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்கைக் காயவைப்பது அவசியம்.

திரவம் பழைய கறையை எடுக்கும், புதிய கறையைத் தடுக்காது. அந்த வேலையைக் காருக்குப் பூசும் மெழுகு செய்கிறது. மெழுகு பூசிய சில்லில் தூசு மேலோட்டமாகவே நிற்கும். வாரம் ஒருமுறை ஷம்புத் தண்ணீரே போதும், திரவம் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. விலை கூடிய கழுவியை அடிக்கடி வாங்குவதைவிட ஒரு டப்பா மெழுகு வாங்குங்கள் என்றே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் தெரிந்தது பேட் மாற்றியபோது. பழைய பேட் உலோக இழை கலந்த வகை. அது தேய்ந்து முடிந்ததும் கராஜ்காரர், “தம்பி, செரமிக் போட்டுப் பாருங்கள், கரி குறையும்” என்றார். செரமிக் என்பது பீங்கான் இழை கலந்த பேட். விலை கூடுதல்தான். ஆனால் தூசு குறைந்தது. விழுவதும் வெளிர் நிறமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஹபரணை வழியாகக் கொழும்பு போய்வந்தாலும் சில்லின் வெள்ளி நிறம் தெரிகிறது. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு அவசரமில்லை. வேகம் குறைப்பதில் ஒரு பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் தேய்வதே குறைவு.

வாடை மழை தொடங்குமுன் சில்லுகளைக் கழற்றி உட்புறத்தையும் கழுவி மெழுகு பூசுகிறேன். வெளியே மின்னும் பல கார்களில் சில்லு அரிக்கத் தொடங்குவது அங்கேதான். அந்த வேளையில் திரவத்தையோ மெழுகையோ டிஸ்க், பேட் பக்கம் விடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.