நாலாவது ஆளை என்ன செய்வது? மைத்ரி பழக மூன்று வழிகள்

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் எங்களுக்கு இருப்பது முக்கால் ஏக்கர். பூண்டும் கேரட்டும் மாற்றி மாற்றிப் போடுவோம். தண்ணீர் மேலே ஓடையிலிருந்து கறுப்பு ஹோஸில் வரும். ஒரு பங்குனியில் அந்த ஹோஸை மூன்றாவது முறையாக யாரோ அறுத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, மேல் தோட்டத்துக்காரர்தான். அன்றிலிருந்து எனக்கு விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. படுத்தபடியே அவரோடு சண்டை போடுவேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயிப்பேன். தூக்கம்தான் போச்சு.

“இதுக்குன்னே பௌத்தத்துல மைத்ரின்னு, அடுத்தவங்களுக்கு நலம் நினைக்கிற ஒரு பயிற்சி இருக்கு, போய்ப் பாருங்க” என்றார் வத்தலக்குண்டு நண்பர் ஒருவர். தேடிப் போனதில் நாலு வருடத்தில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். பத்து நாள் விபாசனா தியான முகாம், பெருமாள்மலையில் ஜென் என்கிற ஜப்பானிய பௌத்த தியானம், அப்புறம் கோத்தகிரியில் தனியாக உட்கார்ந்து மைத்ரி மட்டும். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. எழுதிவைத்துவிட்டால் மிச்சம்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்துகொண்டு பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் மைத்ரிக்கு ஒரு வரிசை இருக்கிறது. (புத்தகோசர் நம் காஞ்சியிலும் தங்கியவர்.) முதலில் உனக்கே நலம் நினை. அடுத்து, நீ மதிக்கிற, உனக்குப் பிடித்த ஒருவருக்கு. மூன்றாவது, பிடித்தமும் இல்லாத, வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு. நாலாவதாக, உனக்கு ஆகாதவருக்கு. வரிசை கைகூடியதா என்று பார்க்க ஒரு சோதனையும் சொல்கிறார். இந்த நாலு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொள்ளைக்காரர்கள் வந்து, பலி கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்கிறார்கள். “அவனைக் கொண்டுபோ” என்று கை காட்டினால், ஆளுக்கு ஆள் நடுவே மனம் போட்ட வேலி இன்னும் இடியவில்லை. சரி, “என்னைக் கொண்டுபோ” என்றால்? அப்போதும் இடியவில்லையாம்! நால்வரில் ஒருவரையும் எடுத்துக் கொடுக்க மனம் வராதபோதுதான் வேலி இடிந்தது என்கிறார். தியாகம் செய்து பெயர் வாங்கும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்ட மனிதர்.

என் அளவுகோல் அந்த நாலாவது ஆள்தான். எந்த வழி என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் விபாசனா. மலையில் இல்லை, கீழே இறங்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்திலேயே தம்ம மதுரா இருக்கிறது, சென்னையில் தம்ம சேது. மாண்டலேயில் பிறந்து, பர்மாவில் ஊ பா கின்னிடம் கற்று, 1969 இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய கோயங்காவின் முறை. போகும் நாள், திரும்பும் நாள் சேர்த்தால் பன்னிரண்டு நாள் ஒதுக்க வேண்டும். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. ஆண், பெண் தனித்தனி. மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லை, புதியவர்களுக்கு மாலையில் பழமும் டீயும் மட்டும். இரவு உரையைத் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. முடித்த பிறகு மனமிருந்தால் கொடுக்கலாம், முடிக்காதவரிடம் வாங்கவே மாட்டார்கள்.

முதல் மூன்று நாள் மூச்சு. நாலாவது நாளிலிருந்து தலை முதல் கால்வரை உடம்பில் தெரிவதைக் கவனிப்பது. மைத்ரி எப்போது வரும்? பத்தாவது நாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தடவும் களிம்பு என்பார்கள். மைத்ரியைத் தேடிப் போனவனுக்கு இது கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் இலை போட்ட மாதிரிதான் இருந்தது.

ஆனால் ஆறாவது நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அதிட்டான அமர்வு. நடுவில் மேல் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார், கையில் கத்தியோடு. கதைக்குள் போகாதே, உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார் என்பதுதான் அங்கே பாடம். பார்த்தேன். நெஞ்சுக்குழியில் சூடு, தாடையில் இறுக்கம், காதோரம் ஒரு துடிப்பு. கதையை எடுத்துவிட்டால் என் கோபம் என்பது அவ்வளவுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே வடிந்தது. மூன்று மணிக்குப் படுக்கையில் அதை இரண்டு மணி நேரம் ஓட்டியது நான்தான், அவர் இல்லை.

ஆக, விபாசனா கோபத்தின் சூட்டைத் தணித்தது. அந்த மனிதரை நோக்கி மனதைத் திருப்பவில்லை. பத்தாவது நாள் எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது உண்மை. எல்லா உயிர்களையும் நேசிப்பது எளிது. அதில் யாருக்கும் முகம் இல்லை. ஊருக்குத் திரும்பினால் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். களை எடுக்கிற காலத்தில் என்னால் ஒரு வாரம்கூட ஓட்ட முடியவில்லை.

அடுத்தது பெருமாள்மலை. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறினால் கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிடலாம். அங்கே இருக்கும் போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையம் 1996 இல் தொடங்கியது. தொடங்கிய அமா சாமி ஏசு சபைப் பாதிரியார், ஜப்பானில் காமகுராவில் யமாதா கோவுன் ரோஷியிடம் ஜென் கற்றவர். பாதிரியார் நடத்தும் புத்த மடமா என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம், அப்படித்தான். தங்க, சாப்பிட நாள் கணக்கில் கட்டணம் உண்டு. வெளிநாட்டார் நிறைய வருவதால் புழக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இங்கே மைத்ரிக்கென்று தனி மணி நேரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சுவரையோ தரையையோ பார்த்து இருபத்தைந்து நிமிடம் அமர்வு, கொஞ்சம் நடை, மறுபடி அமர்வு. உயிர்கள் எண்ணற்றவை, அவற்றைக் கரையேற்ற உறுதிகொள்கிறேன் என்ற ஜென் வாக்கை ஓதுவதோடு கருணையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வேலை. தோட்டம், சமையலறை, கூட்டிப் பெருக்குதல்.

ஒரு காலை, பெயர்கூடத் தெரியாத ஒருவரோடு பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். பேச்சு இல்லை. அவர் நறுக்குகிற அளவைப் பார்த்து நான் அதே அளவில் நறுக்க, என் வேகம் பார்த்து அவர் தன் வேகத்தைக் குறைக்க, அரைக் கூடை முடியும்போது அந்த மனிதர்மேல் காரணமே இல்லாமல் ஒரு பிரியம். புத்தகோசர் சொன்ன மூன்றாவது ஆள் அவர்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. வாக்கியம் சொல்லிச் சொல்லி வரவழைப்பதைவிட இது எனக்கு உண்மையாகப் பட்டது. ஆனால் நாலாவது ஆள்? அவரோடு உட்கார்ந்து யார் பீன்ஸ் நறுக்குவது?

மூன்றாவது வழிக்கு மையமும் இல்லை, குருவும் இல்லை. கோத்தகிரியில் சித்தி மகன் வீட்டு மாடியறை ஐந்து நாள் காலியாகக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, சாயங்காலமானால் காட்டுமாடு. போனை அவனிடம் கொடுத்துவிட்டு, புத்தகோசர் வரிசைப்படி மைத்ரி மட்டும் செய்வது என்று உட்கார்ந்தேன். நிறையத் தவறு செய்தேன், அதனால் இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

முதல் தவறு, பிடித்தவர் இடத்தில் இறந்துபோன அம்மாவை வைத்தது. இறந்தவர்களை வைக்காதே என்று விசுத்திமக்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. நான்தான் கேட்கவில்லை. அழுகைதான் வந்தது, மைத்ரி வரவில்லை. சரி என்று கோவையில் படிக்கும் மகளை வைத்தேன். கால் மணி நேரத்தில் நலம் நினைப்பது போய், செமஸ்டர் பணத்துக்கு என்ன செய்வது என்பதில் வந்து நின்றது. இதற்கும் அந்த நூலில் பெயர் இருக்கிறது. மைத்ரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு, பக்கத்துப் பகை பற்று. வெறுப்பு வந்தால் அடையாளம் தெரியும். பற்று மைத்ரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். கடைசியில் எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் சரியாகப் பொருந்தினார்.

இரண்டாவது சிக்கல் வார்த்தை. “நான் நலமுடன் இருப்பேனாக” என்று சொல்லிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் முழுக்கப் போராடிவிட்டு எங்கள் ஆத்தா தலையில் கைவைத்துச் சொல்லும் சொல்லுக்கு வந்தேன். “நல்லா இரு.” இரண்டே சொல். வாத்தியாருக்கு அழகாகப் போனது. கோத்தகிரி பஸ் கண்டக்டருக்கும் போனது. மேல் தோட்டத்துக்காரரிடம் வந்ததும் அதே சொல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. நம் ஊரில் “நல்லா இரு” என்பதைச் சாபமாகவும் சொல்லலாமே! இரண்டு நாள் அந்த மனிதரை நான் முறைப்படி சபித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள், நெஞ்சுக்குழிச் சூட்டைக் கவனிக்கும் விபாசனா வித்தையை நடுவில் சேர்த்தேன். (மையத்தில் இருக்கும்போது இப்படிக் கலக்கக் கூடாது என்பது விதி.) சூடு இறங்கிய பிறகு சொன்னால் சொல் கொஞ்சம் நேராக வந்தது. அவரும் அவர் பூண்டுக்குத் தண்ணீருக்குத்தானே அலைகிறார் என்று ஒரே ஒரு முறை தோன்றியது. ஐந்து நாளில் கிடைத்தது அந்த ஒரு முறைதான். மற்ற இரண்டு இடத்திலும் அதுவும் கிடைக்கவில்லை.

சித்தி மகன் மனைவி நர்ஸ். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் தளர்ந்துபோகிறது, எனக்கு எது சரிவரும் அண்ணே என்று கேட்டாள். புத்தகோசரிடம் கருணைக்கு வரிசையே வேறு. அது தன்னிலிருந்து தொடங்காது, துன்பப்படுகிற ஒருவரிலிருந்து தொடங்கும். அதன் பக்கத்துப் பகை துக்கம். மூளை ஆய்வாளர் தானியா சிங்கரின் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணரும் பயிற்சி மட்டும் தந்தபோது மனச்சுமை கூடியது, அதன்மேல் கருணைப் பயிற்சி தந்தபோது அது குறைந்தது. அடுத்தவர் துன்பத்தை மூச்சில் உள்ளிழுத்து நலத்தை வெளிவிடும் திபெத்திய தோங்லெனை நான் செய்ததில்லை. அவளுக்கு முதலில் மைத்ரி போதும் என்றே சொன்னேன்.

என்னைக் கேட்டால், ஒரு முகம் தூக்கத்தைக் கெடுக்கிறவர் வீட்டிலேயே இருபது நிமிட மைத்ரியை ஒரு மாதம் செய்துவிட்டுப் பத்து நாள் முகாமுக்குப் போகலாம். அப்போது பத்தாவது நாள் களிம்புக்குப் புண் எங்கே என்று தெரியும். இதுவரை கண்ணை மூடி உட்கார்ந்ததே இல்லை என்றால் தனியறை வேண்டவே வேண்டாம், அரை மணியில் டீக்கடைக்குப் போய்விடுவீர்கள். அவர்களுக்கு முகாமின் மணிதான் சரி. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டாம், கேட்பது காரணத்தோடுதான். வாழ்த்து வாக்கியம் என்றாலே கூச்சப்படுகிறவர்களுக்குப் பெருமாள்மலை. மார்கழியில் போனால் கம்பளியும், முட்டிக்கு ஒரு தனிப் போர்வையும். வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் மலையேறுவதானால் 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் நடைமுறை. பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் ஹோஸ் மறுபடி அறுந்தது. மேலே ஏறிப் போனேன். “காட்டுமாடு மிதிச்சிருக்கும் தம்பி” என்றார். அறுந்த வாயைப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கப்ளிங் வைத்து இணைத்துவிட்டு எழுந்தேன்.

“நல்லா இருங்கண்ணே” என்றேன்.

எந்த நல்லா இரு என்று கண்டுபிடிக்க முடியாமல் அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.