கென்ட்டா நார்ஃபோக்கா: கடலோரத்துல வீடு பாக்கறவங்களுக்கு

இங்கிலாந்துல கடல் பக்கமா வீடு தேட ஆரம்பிச்சு, வடிகட்டி வடிகட்டி கடைசில ரெண்டு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நின்னுச்சு: தென்கிழக்குல கென்ட், கிழக்குல நார்ஃபோக். நாங்க வாங்கினது நார்ஃபோக்ல, க்ரோமர் ஊர்ல. அதனால என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், முன்னாடியே சொல்லிடறேன். கென்ட்ல வீடு பார்க்கப் போய் வந்ததோட சரி, குடியிருந்ததில்ல.

கென்ட் வரலாறு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கி.மு. 55ல சீசர் வந்து எறங்கின கரை, 597ல கிறிஸ்தவத்த பரப்ப அகஸ்டின் பாதிரியார் வந்தது, கேன்டர்பரி பேராலயம், 1940ல பிரான்ஸ்ல டன்கர்க் கரைல மாட்டின படைகள மீட்கற வேலைய நடத்தினது கூட டோவர் கோட்டைக்குக் கீழ இருக்கற சுரங்கத்துலேர்ந்துதான். இப்பவும் ஐரோப்பாவுக்கு வாசல் அதுதான், ஒரு பக்கம் டோவர் ஃபெர்ரி, இன்னொரு பக்கம் 1994ல திறந்த சேனல் டனல். வாசல்ல குடியிருக்கறவங்களுக்குன்னு ஒரு தலைவலியும் உண்டு, துறைமுகத்துல ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா எம்20 மோட்டர்வேல லாரிங்க மைல் கணக்குல நிக்கும். மத்தபடி 2009லேர்ந்து ஹைஸ்பீட் ட்ரெயின் ஓடுது, லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஸ்டேஷன்லேர்ந்து கென்ட் கரைல இருக்கற ஃபோக்ஸ்டோன் ஒரு மணி நேரத்துக்குள்ள. லண்டன்ல வேலைன்னா யோசிக்கவே வேணாம், கென்ட்தான்.

நார்ஃபோக்ல மோட்டர்வே ஒண்ணு கூட கிடையாது. பரப்பளவு கென்ட்ட விட பெருசு, ஆனா 2021 கணக்குப்படி ஜனத்தொகை 9.16 லட்சம்தான், கென்ட்ல 15.7 லட்சத்துக்கு மேல. ஒரு காலத்துல கதையே வேற, கம்பளி வியாபாரம் கொழிச்சப்போ லண்டனுக்கு அடுத்த பெரிய ஊர்கள்ல நார்ஃபோக்கோட தலைமை ஊரான நாரிச்சும் ஒண்ணு, அந்தக் காசுல கட்டின மாதிரி கவுண்டி முழுக்க 600க்கு மேல பழைய சர்ச்சுங்க வயல் நடுவுல தனியா நிக்குது. ப்ராட்ஸ்னு படகு விடற ஏரிங்க இருக்கே, அது இயற்கைன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தாங்க, 1950கள்லதான் மத்திய காலத்துல அடுப்பெரிக்க கரி மண் வெட்டின குழிங்கன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு நிலைமை, எங்க வடக்கு நார்ஃபோக்ல மூணு பேர்ல ஒருத்தர் 65 தாண்டினவங்க. இருபது வயசுப் பசங்களுக்கு போர் அடிக்கும்தான்.

இதெல்லாம் பார்த்து நாங்க முடிவெடுக்கல. முடிவெடுத்தது மண்ண பார்த்து.

டோவர்ல இருக்கறது சாக்பாறை, அதாவது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதுவும் அப்பப்போ சரியும், ஆனா நார்ஃபோக் கரை பனியுகத்துல வந்து படிஞ்ச களிமண்ணும் மணலும், மழை பேஞ்சா மேலேர்ந்து ஊறி விழும், புயல் வந்தா கீழேர்ந்து அரிக்கும். க்ரோமருக்கு எதிர்ல, இப்ப கடல் இருக்கற இடத்துல ஷிப்டன்னு ஒரு ஊரே இருந்துச்சு, 14ம் நூற்றாண்டுல கடல் கொண்டு போயிடுச்சு, 1888ல விக்டோரியான்னு ஒரு கப்பல் அந்த ஊர் சர்ச்சோட இடிபாட்டுல மோதித்தான் நின்னுச்சு. இதே கரைல ஹாப்பிஸ்பர்க் கிராமத்துக்குப் போய் பாருங்க, தார் ரோடு வேலி வரைக்கும் வந்து அப்படியே காத்துல முடியுது. அதே கரைலதான் 2013ல எட்டு லட்சம் வருஷத்துக்கு முந்தின மனுஷக் கால்தடம் வெளிய தெரிஞ்சுது, கொஞ்ச நாள்லயே கடல் அதையும் அழிச்சிடுச்சு. ஹெம்ஸ்பில 2013லயும் 2023லயும் வீடுங்க போச்சு. இந்த மாதிரி போனா அரசாங்கம் வீட்டு விலைய தராது, இடிக்கற செலவுக்கு ஒரு சின்னத் தொகைதான், சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸும் கடலரிப்ப சேர்க்காது.

அப்புறம் ஏன் இங்கயே வாங்கினோம்? கரை மேலாண்மைத் திட்டம்னு ஒரு ஆவணம் இருக்கு, ஒவ்வொரு துண்டுக் கரைக்கும் 2025, 2055, 2105 வரைக்கும் என்ன பண்ணப் போறாங்கன்னு எழுதியிருக்கும், கடல் சுவரக் காப்பாத்துவாங்களா இல்ல கடல் போக்குல விடுவாங்களான்னு. க்ரோமர், ஷெரிங்கம் ரெண்டும் காப்பாத்தற லிஸ்ட்ல. பணம் எங்க இருக்கோ அங்கதான் மணல் வரும்: இதே கரைல பாக்டன்ல இருக்கற கேஸ் டெர்மினல காப்பாத்த 2019ல 18 லட்சம் கன மீட்டர் மணல் கொட்டினாங்க, பக்கத்துல இருந்த கிராமத்துக்கும் அந்தப் புண்ணியம் கிடைச்சுது, கொஞ்சம் தள்ளி இருக்கற ஹாப்பிஸ்பர்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரே கடல், ஒரே களிமண், கார்ல கால் மணி நேர தூரம், ஆனா ஒரு வீட்டுக்கு லோன் கிடைக்கும், இன்னொன்னு விளம்பரத்துலயே கையில ரொக்கம் இருந்தா மட்டும் வாங்கன்னு போட்டிருக்கும். விலை பாதியா இருக்கேன்னு ஆசப்பட்டா விக்கும்போது அதே கதிதான்.

கென்ட்லயும் ஷெப்பி தீவு பக்கம் களிமண் கரை சரியுது, ரெகுல்வர்ல ரோமானியக் கோட்டையில பாதி கடலுக்குள்ள. அதனால கவுண்டி பேர வச்சு பயப்படாதீங்க, பின்கோட வச்சு பாருங்க. வக்கீல்கிட்ட வீட்டப் பத்தின விவரங்கள தேடிப் பார்க்கச் சொல்லும்போது கடலரிப்பும் சேர்த்துக் கேளுங்க. இங்க வந்தா ஜூன் மாசம் வாங்க, படகுங்கள ட்ராக்டர் வச்சு மணல்ல இழுத்துட்டு வருவாங்க, அன்னைக்குப் புடிச்ச நண்டு அன்னைக்கே கடையில.