புக்கெட்டில் பைக் ஓட்டப் போகிறீர்களா? அந்த பிளாஸ்டிக் கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்

தாய்லாந்தில் பைக் ஓட்ட "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" எடுத்துத் தருகிறோம் என்று சேலத்தில் எந்த டிராவல்ஸ்காரர் பிளாஸ்டிக் கார்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். அது செல்லாது. நானும் என் மச்சானும் தலைக்கு 4,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தோம். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி தர ஆரம்பித்த பிறகு, ஏற்காட்டுக்கு பைக்கில் போய்வரும் நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் புக்கெட் தீவைச் சுற்றக் கிளம்பியிருக்கிறார்கள். நாங்கள் போனது ஐந்து ரோடு பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸ் மூலம். ஹோட்டல், பைக் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். லைசென்ஸ் விஷயத்தை நானேதான் கேட்டேன். "அதெல்லாம் நாங்களே பண்ணிக் கொடுத்துடுவோம்ங்கண்ணா, ஆர்.டி.ஓ ஆபீஸ் பக்கமே நீங்க போக வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குறவங்க, உங்களுக்கு அங்க என்ன கஷ்டம்?" என்றார். நான்கே நாளில் கார்டு கைக்கு வந்தது. பூமி உருண்டை படம், மினுக்கும் ஸ்டிக்கர், எங்கள் போட்டோ, மூன்று வருடம் செல்லும் என்ற தேதி எல்லாம் இருந்தன.

அந்தத் தேதியிலேயே பொய் இருக்கிறது. நம் நாட்டில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி தருவது அது. கார்டாக இருக்காது, சின்னப் புத்தகமாக இருக்கும். ஆர்.டி.ஓ ஆபீஸ் முத்திரை உண்டு. கட்டணம் 1,000 ரூபாய். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல்களோடு கந்தம்பட்டி ஆர்.டி.ஓ ஆபீஸோ, உங்கள் லைசென்ஸ் எந்த ஆபீஸோ அங்கே போனால் கிடைத்துவிடும். கையில் வாங்கியதும் உள்ளே திறந்து, 'ஏ' என்ற பிரிவுக்கு நேராக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு உரியது அதுதான். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு 'பி' பிரிவில்தான் முத்திரை விழும். அதைக் காட்டி அங்கே பைக் ஓட்ட முடியாது.

புக்கெட்டில் சலோங் ரவுண்டானா பக்கம் போலீஸ் சோதனை நடந்தது. ஹெல்மெட் போட்டிருந்தோம், நம்மூர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், வேகமும் இல்லை. கார்டைக் காட்டினோம். அந்தப் போலீஸ்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரரின் சாம்பல் நிற அனுமதிப் புத்தகத்தை எடுத்து எங்கள் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மரியாதையாகத்தான் நடத்தினார். அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம்.

அபராதத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். முதல் நாளே, 'கட்டா நோய்' கடற்கரையிலிருந்து 'நை ஹான்' கடற்கரைக்குப் போகும் மேட்டு ரோட்டில், மழைக்குப் பிறகு இறக்கத்தில் மச்சான் வழுக்கி விழுந்திருந்தார். முழங்காலில் தையல். ஏற்காடு மலையில் நாம் இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்து இறக்கிப் பழகியவர்கள். அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கியர் இல்லாத ஸ்கூட்டர். இறக்கத்தில் பாதி பாரத்தை இன்ஜின் தாங்கும் என்று அதில் எதிர்பார்க்க முடியாது, பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். நல்ல ஓட்டுநர்களுக்கே இது பழக இரண்டு நாள் ஆகும். ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினோம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் பணம் தர முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆக, 4,500 ரூபாய் கார்டு, கூடவே விற்ற இன்சூரன்ஸையும் வெறும் காகிதமாக்கிவிட்டது. இரண்டையும் விற்றவர் ஒரே ஆள்.

அடுத்தது வாடகைக் கடை. பேக்கேஜ் தாளில் 'டெபாசிட் இல்லை' என்று தெளிவாக இருந்தது. கடையில் போய் நின்றால், பாஸ்போர்ட்டை வைத்தால்தான் சாவி என்றார்கள். பணமாக டெபாசிட் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. சேலத்துக்கு போன் போட்டால், "அங்க எல்லாருமே அப்படித்தாங்கண்ணா, கொடுத்துடுங்க" என்கிறார் நம்மவர். வாடகை முழுக்க முன்பே கட்டியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கொடுத்தோம்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் மச்சான் வண்டிக்கு அவர்கள் கேட்ட காசு நியாயமானது, விழுந்த வண்டி, கொடுத்துவிட்டோம். என் வண்டி எங்கேயும் விழவில்லை, உரசவில்லை. கடைக்காரம்மா நேராக முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், தேடவே இல்லை. மட்கார்டுக்குப் பின்னால், கீழ்ப்புற பிளாஸ்டிக்கில், தரையில் குனிந்தால் மட்டும் தெரிகிற ஒரு கீறலைத் தொட்டுக் காட்டினார். 15,000 பாட் என்றார். நம் பணத்தில் நாற்பதாயிரம் பக்கம். நானும் குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து கெட்டியாகிக் கிடந்தது. நேற்று விழுந்த கீறலில் அப்படி அடையாது. வண்டி எடுத்த அன்றைக்கே சக்கரத்தோரம் குனிந்து நான் எடுத்த வீடியோவில் அதே கீறல் இருந்தது. காட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை, பாஸ்போர்ட் இருந்த டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

சுற்றுலா போலீஸ் எண் 1155. இதை இப்போதே போனில் போட்டு வையுங்கள். ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நிலைமையைச் சொன்னேன், போனை அந்தம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். பேசி முடித்ததும் 15,000 என்பது 2,000 ஆனது. ராத்திரி ஃபிளைட். அந்த 2,000-ஐயும் கொடுக்க மனசே இல்லை, கொடுத்துத்தான் பாஸ்போர்ட்டை மீட்டேன். நம் பாஸ்போர்ட் சட்டம் 1967, 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதை அடகுப் பொருள் மாதிரி கேட்கும் கடை எதுவாக இருந்தாலும் வேறு கடை பாருங்கள். நகலும் பணமும் வாங்கிக்கொண்டு வண்டி தரும் கடைகள் புக்கெட்டிலேயே இருக்கின்றன. அதனால்தான் வாடகையை இங்கிருந்தே கட்டிவிட்டுப் போகாதீர்கள் என்கிறேன். கையில் காசு இருந்தால்தான் கடையை விட்டு வெளியே வர முடியும்.

ஊருக்கு வந்து டிராவல்ஸில் கேட்டேன். கடைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைங்க என்றார்கள். சரி, கார்டு? "அது ஒரு ஐடி ப்ரூஃப்ங்க, லைசென்ஸ்னு நாங்க எப்போ சொன்னோம்?" பில்லில் "இன்டர்நேஷனல் டிரைவிங் லைசென்ஸ் சார்ஜ்" என்று அவர்களே அடித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் இருக்கிறது. மச்சான் ஒரு மாதமாகக் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குக் காசு போனதைவிட அதுதான் ஆறவில்லை.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அதில் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இதே மாதிரி கார்டு வாங்கியவர்கள் நம்மூரில் இன்னும் இருப்பார்கள். கார்டு, பில், மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் பில்லிலும் அந்த 'சார்ஜ்' இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். அடுத்த வாரம் கிளம்புகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போய்விட்டு வாருங்கள்.