“18 ஆனால் மகனைக் கூப்பிட ஏலாது” என்று சொல்லிக் காசு கேட்டால்: கனடாவில் இருக்கும் தகப்பன்மாரும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்மாரும் வாசிக்கவும்

யாழ்ப்பாணத்தில் மாணவர் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவர்களில் சிலர் இப்போது ஒரே வகைக் குடும்பங்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். தகப்பன் விசிட்டர் விசாவில் கனடா போய் அகதிக் கோரிக்கை போட்டிருப்பார். விசாரணைத் திகதி வந்திருக்காது. தாயும் பிள்ளையும் ஊரில். பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது. பதினெட்டு ஆகிவிட்டால் பிள்ளையைக் கூப்பிட முடியாமல் போகும் என்ற பயத்தை வைத்து எவ்வளவு கறக்கலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வலிகாமத்தில் ஒரு குடும்பம் இப்படி 38 இலட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறது. விஷயம் பொலிஸில் இருப்பதால் முகவரின் பெயர் இங்கே இல்லை. ஆனால் செய்த விதத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தகப்பனுக்கு ஸ்காபரோவில் பண்டகசாலை வேலை. ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர், 40 மணித்தியாலத்துக்கு 704 டொலர், அதுவும் வரி கழிய முன். அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக மிச்சம்தான் ஊருக்கு. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே பிள்ளைக் கொடுப்பனவும் கிடையாது. முகவர் தாயிடம் சொன்னது இதுதான்: “அக்கா, பெடியனுக்குப் பதினெட்டு முடிஞ்சால் அப்பா ஸ்பொன்சர் பண்ண ஏலாது. அதுக்கு முதல் ஸ்ருடன்ற் விசாவில அனுப்புவம், யோசியாதேங்கோ.”

இது முழுப் பொய். கனடாக் குடிவரவுச் சட்டத்தில் தங்கி வாழும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட, திருமணமோ துணையோ இல்லாத பிள்ளை. 2017 ஒக்டோபர் 24 முதல் இந்த விதிதான். அதற்கு முன் சில வருடங்கள் 19 வயதுக்குக் கீழ் என்று இருந்தது. அந்தப் பழைய கணக்கைத்தான் இன்னும் விற்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அகதிக் கோரிக்கை போட்டவரின் பிள்ளைக்கு வயது கணக்கிடப்படுவது கோரிக்கை போட்ட நாளில். அன்று பிள்ளைக்கு 16 என்றால், வழக்கு முடிய நாலு வருடம் எடுத்தாலும் அவர் 16 வயதுப் பிள்ளையாகவே பார்க்கப்படுவார். கோரிக்கை ஏற்கப்பட்டபின் தகப்பன் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது மனைவியையும் பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். இடையில் பெடியனுக்குக் கலியாணம் கட்டி வைத்தால்தான் அந்த வழி அடைபடும். இதைத் தகப்பனின் வழக்கறிஞரிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஒன்ராறியோவில் அகதி வழக்குக்குச் சட்ட உதவி நிதியும் இருக்கிறது.

இனிக் காசு போன விதம்.

முதலில் “பைல் திறக்க” 5 இலட்சம். அரசாங்கம் எடுப்பது படிப்பு அனுமதிக்கு 150 டொலர், விரல் அடையாளத்துக்கு 85 டொலர். இரண்டும் சேர்ந்து இலங்கைக் காசில் ஏறக்குறைய 50 ஆயிரம். மிச்சம் முகவரின் கூலி. கூலி வாங்குவதில் பிழை இல்லை. எவ்வளவு கூலி, எவ்வளவு அரச கட்டணம் என்று பிரித்துப் பற்றுச்சீட்டு தராததுதான் பிழை. இங்கே பற்றுச்சீட்டே இல்லை. அரைவாசிக் காசு ஸ்காபரோவில் இருந்து உண்டியலில் வந்து நேரே முகவரின் கைக்குப் போயிருக்கிறது.

அடுத்தது கல்லூரிக் கட்டணம் என்று 14 இலட்சம், முகவரின் சொந்தக் கணக்குக்கு. பெடியன் ஓ.எல். மட்டும் முடித்தவர், ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு டிப்ளோமா அனுமதிக் கடிதம் வந்ததாம். கனடாவின் பொதுக் கல்லூரிகள் 12 ஆம் வகுப்புக்குச் சமமான தகுதி கேட்பவை. ஓ.எல். முடித்த பிள்ளைக்கு அனுமதி என்று ஒரு தாள் வந்தால், அந்த இடத்திலேயே கல்லூரியின் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் நிறுவன இலக்கம் ஒன்று ஓ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அந்த இலக்கம் கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் 1 முதல் கல்லூரிக் கடிதங்களைத் திணைக்களம் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறது. 2024 ஜனவரி 22 முதல் பெரும்பாலான கல்லூரி மாணவர்களுக்கு மாகாணத்தின் அத்தாட்சிக் கடிதமும் வேண்டும். அது இல்லாமல் “அட்மிஷன் வந்திட்டுது” என்று கையில் தந்தால் பாதி வேலைகூட முடியவில்லை. கட்டணம் எப்போதும் கல்லூரியின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் மீளக் கேட்பதற்கும் அதுதான் ஒரே வழி.

சில இடங்களில் “20 நாள் ஸ்பெஷல் திட்டம்” என்றும் சொல்கிறார்கள். அப்படி ஒரு விரைவுத் திட்டம் இந்தியா, பாகிஸ்தான் உட்பட சில நாட்டு மாணவருக்கு இருந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கவேயில்லை. 2024 நவம்பர் 8 இல் அதையும் மூடிவிட்டார்கள்.

மூன்றாவது, வங்கியில் காசு காட்ட 12 இலட்சம். கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு மாணவருக்கு வாழ்க்கைச் செலவாக 2025 செப்டெம்பர் 1 முதல் 22,895 டொலர் காட்ட வேண்டும். முகவர் யாரோ ஒருவரின் காசைச் சில நாளுக்குக் கணக்கில் போட்டு, அதற்கு வட்டி என்று இந்தத் தொகையை எடுத்தார். திடீரென விழுந்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி பார்ப்பார். வங்கிக் கடிதம் போலி என்றால் கிளைக்கு ஒரு அழைப்பு போதும்.

இதுவரை போனது காசு. இதைவிடக் கூடாத வேலை குடும்ப விபரப் படிவத்தில் நடந்திருக்கிறது. தகப்பன் கனடாவில் அகதிக் கோரிக்கையோடு இருக்கிறார் என்றால், படிப்பு முடியப் பிள்ளை திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்பமாட்டார். அது முகவருக்குத் தெரியும். அதனால் தகப்பன் ஊரில் தோட்டம் செய்கிறார் என்று எழுதி, தாயிடம் வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். தகப்பனின் கோரிக்கைப் படிவத்தில் மனைவி, பிள்ளை எல்லோரும் பெயர், பிறந்த திகதியோடு இருக்கிறார்கள். இரண்டு கோப்பும் போவது ஒரே திணைக்களத்துக்கு. பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் பிள்ளைக்கு 5 வருடத் தடை வரலாம். அதோடு, தகப்பனின் வழக்கு நிற்பதே அவர் சொல்வதை நம்பலாம் என்பதில்தான். மகனின் பெயரில் போன பொய்க்கு விசாரணை நாளில் அவர்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஆனால் குடும்பத்துக்குத் தெரியாது, ஏனென்றால் கணக்கு, கடவுச்சொல், மின்னஞ்சல் மூன்றும் முகவருடையவை. மறுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டே “விசா வந்திட்டுது” என்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி இன்னும் 7 இலட்சம் வாங்கியிருக்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடமே இருந்தது. உண்மை தெரிந்தது வீட்டிலேயே கிடந்த ஒரு தாளால். கொழும்பில் விரல் அடையாளம் கொடுக்கப் போகும்போது காட்டும் அறிவுறுத்தல் கடிதம் அது. அதன் மேற்பகுதியில் விண்ணப்பதாரரின் தனி இலக்கமும் விண்ணப்ப இலக்கமும் இருக்கும். படிப்பு அனுமதி என்றால் விண்ணப்ப இலக்கம் எஸ் எழுத்திலும், விசிட்டர் விசா என்றால் வி எழுத்திலும், வேலை அனுமதி என்றால் டபிள்யூ எழுத்திலும் தொடங்கும். படிப்பு என்று காசு வாங்கிவிட்டு விசிட்டருக்குப் போடுகிறவர்களும் இருப்பதால் அந்த எழுத்தைப் பார்ப்பது நல்லது. அந்த இலக்கங்களையும் பிறந்த திகதியையும் கொடுத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்தபோதுதான், மாதக்கணக்குக்கு முன்பே மறுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஆகவே அந்தக் கடிதத்தின் படத்தைத் தாயும் தகப்பனும் போனில் வைத்திருங்கள். கட்டணம் கட்டி நாட்கணக்கான பின்னும் அந்தக் கடிதமே வரவில்லை என்றால் விண்ணப்பம் போகவே இல்லை என்றுதான் சந்தேகிக்க வேண்டும். மின்னஞ்சல் பெடியனுடையதாக, கடவுச்சொல் வீட்டில் இருப்பதாக இருக்கட்டும். காசு வாங்கி விண்ணப்பம் போடுபவர் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். ஆலோசகரின் உரிம இலக்கத்தைப் பொதுப் பதிவேட்டில் எவரும் தேடலாம். அவர் பெயர் ஐஎம்எம் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் இருக்கும். “அந்தப் படிவம் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்” என்று சொல்பவரிடம் இருந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழும்பி வாருங்கள்.

ஏற்கெனவே கொடுத்து மாட்டுப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது தகப்பனின் வழக்கறிஞரிடம் முழுவதையும் சொல்வது. வெட்கப்பட்டு மறைத்தால் விசாரணை நாளில்தான் வெளியே வரும். கனடாவில் இருப்பவர் என்பதால் தகப்பனே 5 டொலர் கட்டி, பிள்ளை சார்பான சம்மதப் படிவத்தோடு கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அந்த விண்ணப்பக் கோப்பைக் கேட்கலாம். அதிகாரி எழுதிய காரணமும் முகவர் நிரப்பிய படிவமும் அதில் வரும். பொலிஸுக்கும் அது சாட்சி. வட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், குரல் பதிவுகளோடு வேறோர் இடத்திலும் சேமியுங்கள். முறைப்பாட்டை உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம். தொகை பெரிது என்றால் யாழ். மாவட்ட விசேட குற்ற விசாரணைப் பிரிவுக்கும் போகலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கம் வேலைக்கென்று ஏமாற்றப்பட்டவர்களுக்கானது.

முகவர் “காசு திருப்பித் தாறன்” என்று செக் தந்தால் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியில் இருந்து 6 மாதத்துக்குள் வங்கியில் போடாவிட்டால் செக் செல்லாது. “இந்தக் கிழமை போடாதேங்கோ, அடுத்த மாதம் போடுங்கோ” என்று இழுப்பது அதற்காகத்தான். திரும்பி வந்தால் வங்கி தரும் காரணச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பெடியன் விசா வருமென்று ஏ.எல். வகுப்பை விட்டிருந்தால் உடனே திருப்பிப் பள்ளிக்கூடத்தில் பேசிப் பாருங்கள். பள்ளிக்கூடம் எடுக்காவிட்டால் பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும்போது தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பதியலாம். தகப்பனின் வழியாகப் பிறகு கனடா போனாலும் அங்கே கல்லூரியில் முதலில் கேட்கப்போவது அந்தப் பெறுபேற்றைத்தான்.