எம்மாவு விருந்து: கரவாஜியோவோட ரெண்டு ஓவியத்துல எது?

பைபிள்ல லூக்கா 24ல வருமே, உயிர்த்தெழுந்த இயேசுவ யாருன்னே தெரியாம எம்மாவுங்கிற ஊருக்குக் கூடவே நடந்து வந்த ரெண்டு சீடர்கள், ராத்திரி சாப்பாட்டுல அவர் அப்பத்த ஆசீர்வதிச்சுப் பிட்டுக் குடுக்கும்போது சட்டுனு அடையாளம் கண்டுக்குவாங்க. இந்தக் காட்சிய இத்தாலிய ஓவியர் கரவாஜியோ ரெண்டு தடவ வரைஞ்சிருக்கார்.

1601ல வரைஞ்சது இப்ப லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. இயேசுவுக்குத் தாடியே இல்ல, இளசான முகம். இடதுபக்க சீடர் நாற்காலிக் கைய அழுத்திப் பிடிச்சு எந்திரிக்கப் போறார், முழங்கைல சட்டை கிழிஞ்சு உள்ள வெள்ளத்துணி தெரியுது பாருங்க, வழிநடந்து வந்த ஏழை மனுசன்னு அந்த ஒரு கிழிசலே சொல்லிடும். வலதுபக்கத்தவர் ரெண்டு கையையும் சிலுவை மாதிரி விரிச்சிருக்கார். பழக்கூடை மேசை விளிம்புல இப்ப விழுமோ அப்ப விழுமோன்னு நிக்குது, எனக்கு எப்பவும் கை நீட்டி தள்ளி வைக்கணும்னு தோணும்.

1606ல வரைஞ்சது மிலான்ல பிரேரா கேலரில. அந்த வருசம்தான் ரோம்ல ஒருத்தரக் கொன்னுட்டு ஊரவிட்டு ஓடினார். இதுல பழம் இல்ல, ஆர்ப்பாட்டம் இல்ல, ரொட்டி, ஒரு ஜாடின்னு மேசைல கொஞ்சம்தான் இருக்கு. இயேசுவுக்குத் தாடி, களைச்ச முகம், பாதி இருட்டுல. சத்திரக்காரர் பக்கத்துல சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி தலைகுனிஞ்சு நிக்குறா.

நுணுக்கம்னு பாத்தா லண்டன் படம்தான் அசத்தும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு மிலான் படம்தான், அந்தப் பாட்டி முகத்துக்காகவே.