திருமலைக்கு எது வேண்டும்: வரி வலயமா, ஆய்வுகூடமா?

உயிரித்தொழில்நுட்பக் கம்பனிகளைத் திருகோணமலைக்கு இழுக்க வரிச்சலுகை வலயம் ஒரு வழி. நமக்கு அது புதிதல்ல, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் பார்த்ததுதான். ஆடைத் தொழிற்சாலைக்கு அது பொருந்தியது. மெஷினைப் பூட்டினால் விரைவிலேயே ஏற்றுமதி, லாபம். புது மருந்து தேடும் சிறு கம்பனியோ பத்து வருடம்கூட நட்டத்தில் ஓடும். லாபமே காணாதவருக்கு வருமான வரி விலக்கு எதற்கு? கருவிகளுக்கு இறக்குமதித் தீர்வை விலக்கு என்றால் சரி, அது உடனே கைக்கு வரும். அமெரிக்காவின் ஆளுகையிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் 1976ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச்சலுகையை நம்பி மருந்துத் தொழிற்சாலைகள் குவிந்தன. 1996 முதல் 2006 வரை அதைப் படிப்படியாக நீக்கினார்கள். தொழிற்சாலை வேலைகளும் கரைந்தன.

மற்றது பொது ஆய்வுகூடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். ஆராய்வதற்குக் கடலும் வாசலிலேயே கிடக்கிறது. மைனஸ் 80 பாகை உறைபெட்டி, தடைப்படாத மின்சாரம், கழிவு சுத்திகரிப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைத்தால் நாலு பட்டதாரிகளே சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கலாம், கொழும்புக்கு பஸ் ஏறாமல். செலவு முழுக்க அரசின் தலையில் விழும், பலனும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே; வலயத்திலிருந்து அந்தத் தீர்வை விலக்கை மட்டும் எடுத்துக்கொள்வேன்.